சூரியனின் விளிம்பில் ஒரு வளைவு

சொட்டு விழுந்ததும் எரிந்தது. ஒற்றிய பஞ்சின் ஈரம் இன்னும் கன்னத்தில் இருக்கிறது. "கண்ண மூடியே வச்சிருங்கய்யா, கண்ணுப் பாப்பா நல்லா விரியணும். நடுவுல தொறந்து தொறந்து பாத்தீங்கன்னா மறுபடி மொதல்லேர்ந்து ஊத்துவேன்" என்று நர்ஸ் பெண் மிரட்டிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, கூட்டுப் பிரார்த்தனைக்கு வந்தவர்கள் மாதிரி. இமைக்குள் இருட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. மேலே டியூப் லைட் எரிகிறது போலிருக்கிறது, அதன் வெளிச்சம் தோலுக்குள் வடிந்து சிவப்பாகத் தெரிகிறது. ஹைட்ரஜன் ஒளியை மட்டும் பிரித்துப் பார்த்தால் சூரியன் இந்தச் சிவப்பில்தான் இருக்கும். வாழ்நாளில் பாதியை இந்தச் சிவப்பின் முன்னால் கழித்துவிட்டு, இப்போது என் சொந்த இமைக்குள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கையை மடியில் வைத்துக்கொள். அமைதியாக இரு. சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது. சாயங்காலம்தான் செயற்கைக்கோள் நம் பக்கம் வரும், வரும்போது கீழேயிருந்து கட்டளை போகும், அந்தக் கட்டளையைக் கேட்டு அதற்குள் இருக்கிற சின்ன மோட்டார் ஒன்று அசைந்து கேமராவின் கண்ணாடியை ஒரு மயிரிழை தள்ளும். தள்ளச் சொன்னது நான். படத்தில் சூரியனின் விளிம்பு கோணலாக வளைந்து மழுங்கித் தெரிகிறது, குவியம் சரியில்லை என்று சொன்னது நான். வளைந்திருப்பது விளிம்பா, என் கண்ணா என்று இன்று காலையிலிருந்து எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதுகூடப் பொய்யோ. டாக்டர் பார்க்கட்டும். டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு போன் செய்து சொல்லிக்கொள்ளலாம்.

காலையில் பாத்ரூமில் சோப்பு கண்ணில் போய்விட்டது. இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பிடித்தேன், அப்போது டைல்ஸ் கோடு எதிரில் இருந்தது. வெள்ளை டைல்ஸ், நடுவில் கறுப்பாகிப்போன சிமெண்டுக் கோடு. என் மனைவி மங்கை இருந்தவரை பிரஷ் போட்டுத் தேய்த்து வெள்ளையாக வைத்திருந்தாள், அவள் போனபின் அழுக்கேறிக் கறுப்பாகிவிட்டது, அதனால்தான் தெரிந்தது என்றுகூடச் சொல்லலாம். கோடு நேராக வந்து, நான் பார்க்கிற இடத்தில் மட்டும் சின்னதாக நெளிந்து, மறுபடி நேராகப் போயிற்று. மேலே பார்த்தேன், மேலே நெளிந்தது. கீழே பார்த்தேன், மேலே நிமிர்ந்துகொண்டு கீழே நெளிந்தது. கண்ணைக் கழுவிவிட்டு வலது கண்ணை மூடிப் பார்த்தேன். எல்லாக் கோடுகளும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. ஈரத் துண்டோடு கூடத்துக்கு வந்து மங்கையின் படத்துக்கு முன்னால் நின்றேன். மறுபடி இடது கண்ணை மூடினேன். அவள் மூக்குத்தி ஒரு பக்கம் நகர்ந்தது, மூக்கு அதன் பின்னாலேயே போயிற்று, உதடு கோணிக்கொண்டது. அவளே பார்த்திருந்தால் சிரித்திருப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் வந்த பயம் குருடாகிவிடுவேன் என்பது. அதன் பின்னாலேயே, பல் துலக்கும்போது, இன்னொன்று வந்தது: போன வாரம் அந்தப் படத்தை நான் எந்தக் கண்ணால் பார்த்தேன்?

எந்தக் கண்ணால் என்று கேட்கவே வேண்டாம். எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். தொலைநோக்கியில் ஒரு கண்ணைத்தான் வைக்க முடியும், நான் வலதை வைத்துப் பழகினேன், வருஷக்கணக்காக ஒரே பழக்கம், பிறகு தொலைநோக்கி இல்லாத இடத்திலும் அதுவே வந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்கும்போது, பஸ் போர்டு படிக்கும்போது, மீனில் முள் இருக்கிறதா என்று பார்க்கும்போதுகூட. ராணிப்பேட்டையில் மங்கையைப் பெண் பார்க்கப் போனபோது அவள் தட்டோடு வந்தாள், நான் கூச்சத்தில் அவளைப் பார்க்காமல், பின்னால் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று உற்றுப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி அவள் அத்தை, "படிச்ச மாப்ளன்னாங்களே, சபையில உக்காந்துக்கிட்டு பொண்ணப் பாத்துக் கண்ணடிக்கிறான்" என்று சொல்லிக் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. "நீங்க கண்ணடிச்சீங்கன்னுதான் நான் சரின்னேன். இல்லன்னா உங்க மூஞ்சிக்கு யாரு கழுத்த நீட்டுவா" என்பாள் மங்கை. கல்யாணமாகி, நான் வேலை பார்த்த சூரிய ஆய்வுக்கூடம் இருந்த மலைக்கு வந்த முதல் மாதம் அவள் அங்கே சாப்பாடு கொண்டுவரும்போது நான் தொலைநோக்கியில் குனிந்திருப்பேன். "இன்னிக்கு யாருக்கு? மேல இருக்கறவருக்கா?" என்று கேட்பாள். எனக்கு வெட்கமாக இருக்கும். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்த ஒரு கேலியே எங்களுக்குப் பல வருஷம் போதுமானதாக இருந்தது. அந்தக் கண்தான். அந்த ஒரே கண்.

"மூடுங்கன்னா மூடுங்க. அங்க யாரப் பாக்கறீங்க?" பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்குரல். வயதான குரல், வெற்றிலை அடக்கிக் குழறுகிற குரல். "டிவியில என்ன ஓடுதுன்னு பாத்தேன்டி" என்கிறார் புருஷன். "என்ன ஓடுனா உங்களுக்கென்ன? ஆம்பளைக்கு ஒரு நாழி கண்ண மூடிக்கிட்டு இருக்கத் துப்பில்ல." அவர் முனகுகிறார். அவள் கண்ணில் மருந்து இல்லை போலிருக்கிறது, துணைக்கு வந்தவள். துணைக்கு வந்தவர்களின் கண்கள் மட்டுமே திறந்திருக்கிற ஹால் இது. நான் ஆட்டோவில் தனியாக வந்தேன். திரும்பிப் போகும்போது வெயில் கூசும், யாரையாவது கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்றாள் நர்ஸ் பெண். வெயில் எனக்குப் பழக்கம்தான் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மலையில் வேலை விடிந்ததும் தொடங்கும். மற்ற வானியல்காரர்களெல்லாம் படுக்கப் போகிற நேரத்தில் நாங்கள் எழுந்திருப்போம். வெயில் ஏறித் தரை சுட்டுவிட்டால் காற்று கொதிக்கத் தொடங்கும், காற்று கொதித்தால் சூரியனின் விளிம்பும் கொதிக்கும், பால் பொங்குகிற மாதிரி துடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு முன்னால் காற்று அடங்கியிருக்கும் கொஞ்ச நேரம் கிடைக்கும். அப்போது விளிம்பு பிளேடால் அறுத்த மாதிரி நிற்கும். அதற்குத்தான் காத்திருப்போம். என் ஆராய்ச்சியே அந்த விளிம்புதான். சூரியனின் அகலம் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறதா என்பது கேள்வி. ஒரு பக்கத்து விளிம்பில் தொலைநோக்கிக்குள் தெரியும் மெல்லிய கோட்டைப் பொருத்து, மறுபக்கத்து விளிம்பில் பொருத்து, நடுவில் எவ்வளவு. சொன்னால் இவ்வளவுதான், இதிலேயே ஒரு வாழ்க்கை போய்விடும். கணக்கில் பட்டம் வாங்கி உதவியாளனாகச் சேர்ந்தவன் நான், வானியலை எனக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆய்வுக்கூடத்து நூலகத்தில் மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, புரிகிறதோ இல்லையோ படித்துப் படித்து வந்தது. ஆனால் விளிம்பைப் பார்ப்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது வந்துவிட்டது. எங்களில் ஒவ்வொருவனும் கோட்டை ஒவ்வொரு மாதிரி பொருத்துவான். ஒருத்தன் விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே வைப்பான், ஒருத்தன் கொஞ்சம் வெளியே. அது அவன் கண்ணின் குணம், திருத்த முடியாது. அதனால் ஆளுக்கு ஒரு பிழையைக் கண்டுபிடித்து, அவனவன் அளவிலிருந்து அவனவன் பிழையைக் கழித்துவிடுவோம். இயக்குநராக இருந்த வெங்கோபராவ் சார் யாரையாவது திட்டும்போதுகூட, "உன் பேச்சுல எவ்வளவு கழிக்கணும்னு எனக்குத் தெரியும்" என்பார். என் பிழை ஆய்வுக்கூடத்திலேயே மிகச் சின்னது, அதைவிட முக்கியம், மாறாதது. சளி பிடித்திருந்தாலும் மாறாது, மங்கையோடு சண்டை போட்டுவிட்டு வந்தாலும் மாறாது. "தணிகாசலம் கண்ணு கருவி மாதிரி" என்று வெங்கோபராவ் சார் வெளியூரிலிருந்து வந்தவர்களிடம் சொன்னார். அந்த வார்த்தையை மங்கையிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "கருவி கெட்டுப்போச்சுன்னா மாத்திடுவாங்களே" என்றாள்.

கெட்டுப்போயிற்றா? மூடிய கண்ணுக்குள் இப்போது எந்த வளைவும் தெரியவில்லை, சிவப்பு மட்டும் ஒரே சீராக இருக்கிறது. கோடு இருந்தால்தானே வளையும். ஒருவேளை காலையில் சோப்பினால் இருக்கலாம். சோப்புப் பட்டது இடது கண்ணில். சரி, தூக்கம் போதாமல் இருக்கலாம். வயதானால் இப்படி வந்து போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை, நானே இப்போது சொல்லிக்கொள்கிறேன். பார்க்கிற இடத்தோடு கூடவே வருகிற குறை பார்க்கிறவனுடையது. இதைத்தான் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்வோம். போன வாரம் திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்கள், நான் விளிம்பைச் சுற்றிக் கண்ணை ஓட்டினேன், ஓட்டிய இடத்திலெல்லாம் லேசான வளைவு, லேசான மழுங்கல். நிஜமான வளைவென்றால் ஒரு இடத்தில் இருக்கும், இன்னொரு இடத்தில் இருக்காது. எல்லா இடத்திலும் இருந்தபோது எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? கண்ணாடி முழுவதும் குவியம் தவறிவிட்டது என்று தோன்றியது. முதல் நாள் பாடம் ஞாபகத்துக்கே வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். கருவி மாதிரி.

பிறகு மலையிலிருந்து நகரத்துக்கு மாற்றலாகி வந்தோம், கோளரங்கத்தில் விளக்கம் சொல்லும் வேலை. மங்கைக்கு மலைக் குளிர் மூட்டில் ஏறிவிட்டது, அதற்காகத்தான் வந்தேன், வந்த பிறகு பிடித்துப்போய்விட்டது. குவிந்த கூரையில் செயற்கை வானம் எழும்பும், நான் இருட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வெயில் காலத்தில் பாதிப் பேர் ஏசிக்காக வருவார்கள், திருவாதிரை நட்சத்திரம் வருவதற்குள் குறட்டை கேட்கும். ஆனாலும் மீதிப் பேர் விழித்திருப்பார்கள். அந்த விழித்திருப்பு இருட்டில் எனக்குத் தெரியும், ஒரு சூடு மாதிரி. ஒரு நாள் காட்சி முடிந்து விளக்குப் போட்டதும் ஒருவர் எழுந்து, சேலத்துக்காரர், லாரி ஓட்டுகிறவர் என்று சொன்னார், "சார், இதெல்லாம் படத்துல பாத்துச் சொல்றீங்களா, இல்ல நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். "கண்ணால பாத்திருக்கேன்" என்றேன். "அப்ப சரி" என்று உட்கார்ந்துவிட்டார். அந்த 'அப்ப சரி' எனக்கு எந்த மாநாட்டிலும் கிடைக்கவில்லை. கிரகணத்தன்று வானொலியில் பேசினேன், வீட்டுக்குள் முடங்கிக் கிடக்காதீர்கள், வெளியே வாருங்கள், வெறும் கண்ணால் மட்டும் பார்த்துவிடாதீர்கள் என்றேன். மறுநாள் மார்க்கெட்டில் கீரைக்காரி என் குரலை வைத்தே அடையாளம் கண்டுபிடித்து, "நீங்க சொன்னீங்கன்னு என் மருமகள வெளிய கூட்டிட்டு வந்தேன், மாசமா இருக்கா, ஒண்ணும் ஆகாதில்ல?" என்றாள். ஆகாது என்றேன். "நீங்க சொன்னா சரி." ஒன்றும் ஆகாது என்பது எனக்கு உறுதியாகத் தெரியும், ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு நல்லபடியாகப் பிரசவமாகும்வரை அந்தக் கீரைக்காரியிடமே கீரை வாங்கினேன். நாம் சொன்னால் ஒருவர் நம்புகிறார் என்பது சந்தோஷம்தான். அதற்குள் ஒரு முள் இருக்கிறது. பழகப் பழக முள் மழுங்கிவிடுகிறது, சந்தோஷம் மட்டும் நிற்கிறது.

மங்கை போன பிறகு வேலை ஏதும் இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்தக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். தனியார் கம்பெனி, எல்லாம் சின்னஞ்சிறுசுகள், ஒரு குளிர்பதனப் பெட்டி அளவுக்குச் செயற்கைக்கோள் கட்டி அதில் சூரியனைப் பார்க்கிற கேமரா வைக்கப்போகிறோம், சூரியனில் புயல் கிளம்பினால் முன்கூட்டிச் சொல்லி மற்ற செயற்கைக்கோள்களைக் காப்பாற்றலாம், அதற்கு விலை உண்டு என்றார்கள். விலை விஷயம் எனக்குப் புரியவில்லை. கேமரா புரிந்தது, அதன் படங்களைப் பார்த்துச் சொல்ல ஒப்புக்கொண்டேன். கேமராவுக்குப் பொறுப்பு பிரிசில்லா. தூத்துக்குடிப் பெண், பெரிய கண்ணாடி போட்டிருப்பாள், பேச்சு சென்னைப் பேச்சாக இருக்கும், பதறினால் தூத்துக்குடி வந்துவிடும். நான்கு வருஷம் அந்தக் கேமராவோடு கிடந்தாள். தூசி போகாத அறைக்குள் வெள்ளை அங்கியும் தலைமூடியும் போட்டுக்கொண்டு நிற்பாள், கண் மட்டும் தெரியும், வெளியே நான் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டுவேன். அவள் கல்யாணம் தள்ளிப்போனதே இதனால்தான் என்று அவள் அம்மா ஒரு முறை என்னிடம் போனில் அழுதார். அந்த மோட்டார் கீழே சோதனை செய்தபோது ஒரு தடவை சிக்கிக்கொண்டது. காற்றில்லாத கலத்துக்குள், குளிரில். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக விடுபட்டது. ஏன் சிக்கியது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. மேலே போன பிறகு அத்தியாவசியம் என்றால் ஒழியத் தொடக் கூடாது என்று முடிவு செய்தார்கள். பாதி வழியில் சிக்கிக்கொண்டால் கேமரா வாழ்நாள் முழுக்க மங்கல்தான், ஏறிப் போய்த் தட்டிவிட்டு வர முடியாது. அந்த அத்தியாவசியத்தைச் சொன்னவன் நான். "சார், கணக்குப் போட்டா குவியம் எல்லைக்குள்ளதான் இருக்கு" என்றாள் பிரிசில்லா. நான் என்ன சொன்னேன்? "கணக்கு சரியா இருக்கலாம்மா. கண்ணு வேற சொல்லுது." எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் ஆமாம் என்றார், இன்னொருவர் ஆமாம், இடது ஓரத்தில் தெரிகிறது என்றார். பிரிசில்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே போய்ப் பார்த்தாள். "ம்" என்றாள்.

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, நல்லதுதான், மோட்டார் அசையாமல் இருக்கும். நாளையிலிருந்து யாரும் என்னைத் திரைக்கு முன்னால் உட்கார வைக்க மாட்டார்கள். மரியாதையாக காபி கொடுப்பார்கள். பிறகு காபிக்கும் கூப்பிட மாட்டார்கள். நான் மறுபடி கூடத்தில் உட்கார்ந்து, மூக்குத்தி நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சொல்லாவிட்டால்? மோட்டார் ஒழுங்காக அசையலாம். அசைந்து, படத்தில் ஒரு வித்தியாசமும் இல்லாவிட்டால், பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுவார்கள். அப்போது யாருக்கும் ஒன்றும் நஷ்டமில்லை. அதோடு, என் கண்ணும் கோணல், அவர்கள் கண்ணாடியும் கொஞ்சம் மழுங்கல் என்று இரண்டுமே உண்மையாக இருக்கக் கூடாதா? இருக்கலாம். மற்றவர்களும் பார்த்தார்களே. இடது ஓரம் என்று இடத்தோடு சொன்னார்களே. அவர்கள் எல்லோருக்குமா கண் கெட்டுப்போயிற்று? இந்த இடத்தில் கொஞ்சம் நிம்மதி வருகிறது. அவர்கள் பார்த்தார்கள். நான் மட்டும் பார்த்திருந்தால் பயப்பட வேண்டும். நிம்மதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் அது கையில் நிற்கமாட்டேனென்கிறது, சிக்கிய மோட்டாரின் சத்தம் குறுக்கே வருகிறது. சத்தமே கிடையாது, காற்றில்லாத கலத்துக்குள் ஏது சத்தம், ஆனாலும் எனக்குக் கேட்கிறது. டாக்டர் பார்க்கட்டும். டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அந்த வார்த்தையை அப்படியே அவர்களிடம் சொல்லிவிடலாம், டாக்டர் சொன்னார் என்று. அதில் என் வாய் எதற்கு.

"எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க" நர்ஸ் பெண்ணின் செருப்புச் சத்தம் நடுவில் வந்து நிற்கிறது. "டாக்டர் ஆபரேஷன் தியேட்டர் போயிட்டாரு. அவசர கேஸு. வர சாயங்காலம் ஆயிடும். சாப்பிட்டு வர்றவங்க சாப்பிட்டு வாங்க." பக்கத்துப் பெரியவர், "அதுக்கு ஏம்மா கண்ணுல ஊத்துன?" என்கிறார். "ஊத்தும்போது கேஸு வரலையே தாத்தா." எல்லோரும் சிரிக்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பவர்களின் சத்தம் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருக்கிறது. சாயங்காலம். அப்படியானால் டாக்டரின் வார்த்தை நேரத்துக்குள் வராது. வரும்போது கட்டளை போயிருக்கும். என் வாயை வைத்துத்தான் சொல்ல வேண்டும், நிரூபணம் ஏதுமில்லாமல், டைல்ஸ் கோட்டை வைத்து. பிரிசில்லா நான்கு வருஷம் கண் மட்டும் தெரிய நின்றாள். சட்டைப்பையில் போனைத் தேடி எடுத்துக் கண்ணைத் திறக்கிறேன். வெள்ளை. எல்லாம் வெள்ளை வெள்ளையாக ஊறிக் கிடக்கிறது, போன் கையில் ஒரு சோப்புக்கட்டி மாதிரி பளபளக்கிறது, ஒரு எழுத்தும் நிற்கவில்லை.

"அம்மா" என்றேன் பக்கத்துக் குரலைப் பார்த்து. "ஒரு போன் போடணும். எனக்கு எழுத்து தெரியல." அந்த அம்மாள் போனை வாங்கிக்கொண்டார். "எனக்கு மட்டும் தெரியுமா? இங்கிலீசுல கெடக்குது. யாருக்குப் போடணும், மகளுக்கா?" இல்லை, கூட வேலை செய்கிற பெண் என்றேன். "இந்த வயசுலயுமா வேலைக்கு அனுப்பறாங்க" என்றவர், பெயர்களோடு இருந்த படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். "இங்க ஒரு பொண்ணு இருக்கா, முட்டைக் கண்ணாடி போட்டுக்கிட்டு. இதுவா?" அதுதான் என்றேன். என் காதில் வைத்தார். மணி அடித்தது. மூன்றாவது மணிக்குள் எடுக்காவிட்டால் வைத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது.

"சார், சொல்லுங்க சார். உங்களுக்குத்தான் கூப்பிடணும்னு இருந்தேன். எல்லாம் ரெடி. சாயங்காலம் கட்டளை அனுப்பறப்ப நீங்களும் வந்துருவீங்கல்ல?"

"அத அனுப்பாதம்மா."

"என்ன சார்?"

"விளிம்பு வளையல. என் வலது கண்ணுதான் வளையுது. கண்ணு ஆஸ்பத்திரில இருக்கேன். நான் அன்னைக்கு அந்த ஒரு கண்ணாலதான் பாத்தேன்."

"என்ன சார் சொல்லுதீங்க? டாக்டர் பாத்துட்டாங்களா?"

"இன்னும் பாக்கல."

"அப்ப எப்பிடி சார் உறுதியா..."

"பாத்ரூம்ல டைல்ஸ் கோடு வளையுதும்மா. மங்கை போட்டோல மூக்கு வளையுது. நான் பாக்கற எடத்துலெல்லாம் வளையுது." இவ்வளவு பேர் நடுவில் ஏன் மங்கை பெயரைச் சொன்னேன் என்று இருந்தது. "மத்தவங்களும் பாத்தேன்னு சொன்னாங்க, எனக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்து. அவங்களத் திரும்பப் பாக்கச் சொல்லு, நான் இல்லாதப்ப."

அவள் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"யாருக்குமே தெரியல சார். எனக்கும் தெரியல. அன்னைக்கே சாப்புடும்போது ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கிட்டோம். சாரோட கண்ணு அப்பிடி, நமக்கு இன்னும் பழகலன்னு பேசிக்கிட்டோம். நான் தெனமும் வந்து ஒரு மணி நேரம் அந்தப் படத்தப் பாத்துக்கிட்டே இருப்பேன் சார், இன்னிக்காவது தெரியாதான்னு."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கென்னம்மா?"

"எப்பிடி சார் சொல்ல?" என்றாள். "நீங்க சொல்லி நாங்க எப்பிடி சார் இல்லம்போம்?"

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். தினமும் ஒரு மணி நேரம். இல்லாத வளைவைத் தேடி, தன் கண்ணில்தான் குறை என்று நினைத்துக்கொண்டு. இருட்டில் எத்தனை ஆயிரம் பேருக்கு அதோ, அதோ என்று காட்டியிருக்கிறேன், எத்தனை பேர் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார்கள், அதில் எத்தனை பேருக்குத் தெரிந்தது? நிம்மதி என்று சற்று முன் எதைப் பிடித்துக்கொண்டிருந்தேனோ அது நானே அவர்கள் வாயில் வைத்தது. இனி அதை யார் கழிப்பது, எவ்வளவு கழிப்பது. பக்கத்து அம்மாள், "என்னங்க, துக்க சேதியா?" என்று மெதுவாகக் கேட்டார். தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"படம் இப்ப முன்னால இருக்கா?" என்றேன்.

"போய்ப் பாக்கேன் சார்." கதவு. நாற்காலி இழுபடும் சத்தம். "இருக்கு."

"நான் சொன்னதெல்லாம் விட்டுட்டு, பாரு. விளிம்பு எப்படி இருக்கு?"

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு கேட்டது. இத்தனை நேரம் எடுத்துக்கொண்டு என் எதிரில் அவள் எதையும் பார்த்ததில்லை. "கூரா இருக்கு சார். மேல, கீழ எல்லாம்... சுத்தி வாரேன் இருங்க." மவுஸின் சொடுக்குகள் கேட்டன. "மேற்குப் பக்கம் வெளிய ஒண்ணு எழும்பி நிக்குது சார். நூல் மாதிரி. மெல்லிசா. நுனி மட்டும் இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு."

தீக்கொழுந்து. சூரியனிலிருந்து எழுந்து நிற்கிற வாயுவின் கொழுந்து. விளிம்பையே அவ்வளவு நேரம் சுற்றிச்சுற்றிப் பார்த்த நான் அதைப் பார்க்கவில்லை. நிஜமாகவே இருக்கிறதா, எந்த இடத்தில், எவ்வளவு உயரம், மறுபடி பார், வெளிச்சத்தைக் கூட்டிவிட்டுப் பார், எல்லாக் கேள்விகளும் நாக்கு நுனிவரை வந்தன. ஒவ்வொன்றாக விழுங்கினேன். விழுங்குவதற்கு நேரம் பிடித்தது.

"குறிச்சு வச்சுடவா சார்?" என்றாள். "பதிவேட்டுல பாத்தவங்க பேரு கேக்கும். அதுல வழக்கம்போல உங்க பேரப் போட்டுரட்டா?"

"உன் பேரப் போடும்மா" என்றேன். "நீதான பாத்த."